மூன்றும் பதினேழும்

தங்கை வந்து சேரும்வரை அந்த அலுவலகத்தில் இருபத்தொன்று என்ற எண்ணுக்குத் தனி மரியாதை இருந்தது. அது பெரியவளின் எண். வீட்டில் இரண்டு பெண்களில் மூத்தவள் என்பதால் பெரியவள். அலுவலகத்தின் கணிதப் பிரிவை ஒற்றை நாற்காலியோடு ஆரம்பித்தவள் என்பதால் அங்கேயும் பெரியவள்தான்.

அவர்கள் செய்து விற்பது, தெருவுக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களை ஒட்டுக்கேட்கும் சின்னக் கருவி. குழாய் எங்காவது கசிந்தால் அந்தச் சத்தத்தை அளந்து, விளக்குக் கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குச் சேதி அனுப்பும். சேதி என்றால் பத்து இலக்கம், எல்லாம் பூச்சியமும் ஒன்றும். ஆனால் மேலே லாரி போகும், பக்கத்தில் மின்கம்பி இரையும். வழியில் ஏதோ ஒரு பூச்சியம் ஒன்றாகிவிடும். அதனால் பத்துச் சேதி இலக்கத்தோடு பதினொரு காவல் இலக்கத்தையும் சேர்த்து இருபத்தொன்றாக அனுப்புவார்கள்.

காவலை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் அழகு. இருபத்தொரு புள்ளி, இருபத்தொரு கோடு, கோட்டுக்கு ஐந்து புள்ளி என்று ஒரு தளம் இருக்கிறது. வீழ்ப்புத் தளம் என்று புத்தகங்கள் சொல்லும். அதில் எந்த இரண்டு கோட்டை எடுத்தாலும் ஒரே ஒரு புள்ளியில் சந்தித்தே தீரும். ஒதுங்கிப் போகிறேன், இணையாகப் போகிறேன் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அந்தக் கோடுகளை வைத்துப் பின்னிய சேதியில் இரண்டு இலக்கம் கெட்டாலும் சரிசெய்துவிடலாம்.

ஆனால் கம்பத்துப் பெட்டிக்கு மூளை கொஞ்சம், மின்கலம் அதைவிடக் கொஞ்சம். பிழை எங்கே என்று தேடிக்கொண்டிருக்க அதற்குக் கட்டுப்படியாகாது. அதனால் அது இலக்கங்களை இடம் மாற்றி உட்காரவைத்துப் பார்க்கும். கெட்ட இரண்டும் காவல் பக்கம் போய் விழுந்தால் சேதிப் பக்கம் சுத்தம். அதிலிருந்து காவலை மறுபடி கணக்கிட்டு, வந்த காவலோடு ஒப்பிட வேண்டும். இரண்டு இடத்துக்கு மேல் மாறவில்லையென்றால் வேலை முடிந்தது. மாறியிருந்தால் அடுத்த இடமாற்றம். இஷ்டத்துக்கு இடம் மாற்றினால் செல்லாது. மாற்றிய பிறகும் தளத்தின் கோடெல்லாம் கோடாகவே இருக்க வேண்டும்.

பெரியவளின் பட்டியலில் இருபத்தொரு இடமாற்றம் இருந்தது. எல்லாம் ராட்டினம் மாதிரி சுற்றிவிடுவதுதான். எந்த இரண்டு இலக்கம் கெட்டாலும் இந்த இருபத்தொன்றில் ஒன்று காப்பாற்றிவிடும். சுற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டால் இதில் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது என்பதையும் அவளே நிரூபித்திருந்தாள். அந்த நிரூபணத்தைத் தலைவர் விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார். பேசும்போது பாதி வாக்கியத்தில் மணிக்கட்டைப் பார்ப்பதால் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர்.

இப்படி நிம்மதியாக இருந்த இடத்தில்தான், தற்காலிக வேலை ஒன்று காலி என்றதும், பெரியவளே தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தன் கையால் தன் கண்ணில் குத்திக்கொள்வது என்பது இதுதான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அது தெரியவில்லை. தன் தயவில் ஒருத்தி உட்காரப்போகிறாள் என்ற நினைப்பு இனிப்பாகக்கூட இருந்தது.

பத்தோடு பதினொன்றாக இருந்துவிட்டுப் போவாள் என்று பார்த்தால், சின்னவள் வந்த மாதமே சாப்பாட்டு அறையில் நாற்காலிகள் எல்லாம் அவள் பக்கம் நகர்ந்தன. அவள் சிரித்தால் பக்கத்து அறையில் இருப்பவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். பலகையில் எழுதினால் கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. ஒருநாள் வாசல் காவலர் பெரியவளை நிறுத்தி, "மேடம், நீங்க அவங்களோட அக்காவாமே! சொல்லவே இல்லையே," என்றார். பத்து வருஷமாக அந்த வாசலில் அவள் நுழைந்துகொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் யாரோ ஒருத்தியின் அக்கா. வயிறு எரிந்தது.

போகட்டும், சிரிப்பும் கையெழுத்தும் என்ன பெரிய விஷயம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான் சின்னவள் அவள் அறைக்குள் வந்து, "அக்கா, ஒம்போதுல முடிச்சுட்டேன்," என்றாள்.

"எதை?"

"பட்டியலை. நீ சுத்துறதை மட்டும் வெச்சு பார்த்தே. அதுல குறைக்க முடியாதுன்னு நீ சொன்னது சரிதான். நான் சுத்துறதை விட்டுட்டேன். தளத்துக்கு வேற அசைவு எவ்ளோ இருக்கு! அதுல பொறுக்கி எடுத்தேன். ஒம்போது போதும்."

பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை. தான் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டுக் காவல் நின்ற வீட்டில், ஒரு பக்கம் சுவரே இல்லாமல் கிடந்திருக்கிறது. இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நடந்து போய்விட்டாள்.

"நல்லது. அனுப்பு, பார்க்கிறேன்," என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவள் பெரியவளின் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். அம்மாவும் இருந்தாள். பெரியவளின் கணவர் பல் மருத்துவர். கணக்கு என்றால் பத்தடி தள்ளி நிற்கிறவர். கல்யாணமான நாள் முதல் மனைவியின் வேலையைப் பற்றி அவர் கேட்டதெல்லாம் "இன்னிக்கு லேட்டாகுமா?" என்பது ஒன்றுதான். அந்த மனிதர் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "ஏய் வாலு, உங்க ஆபீஸ்ல அப்படி என்னதான் பண்றீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு பார்ப்போம்," என்றார். மனைவியிடம் அல்ல. மச்சினியிடம்.

சின்னவள் ஏழு டம்ளரில் தண்ணீர் ஊற்றி வரிசையாக வைத்தாள். "மாமா, இந்தப் பக்கம் நாலு விருந்தாளிக்கு. அந்தப் பக்கம் மூணு சமையலறைக்கு. கண்ணை மூடிக்கோங்க. அம்மா, நீ ஏதாவது ஒண்ணுல உப்பைப் போடு."

அம்மா குதூகலமாக உப்பைப் போட்டாள். முட்டிவலி என்று காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"எதுல உப்புன்னு நமக்குத் தெரியாது. ஆனா முதல்ல இப்படியே விட்டு, அப்புறம் ரெண்டே ரெண்டு தடவை இடம் மாத்தினா, ஏதாவது ஒரு தடவை உப்பு சமையலறைப் பக்கம் வந்தே தீரும். நான் நம்பர் சொல்றேன், அந்த நம்பர் டம்ளரைத் தூக்கிட்டு வந்து வரிசையா வைங்க. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, ஒண்ணு, ரெண்டு, மூணு."

மருத்துவர் நாலாம் டம்ளரை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தார். ஐந்தை இரண்டாம் இடத்துக்கு. தண்ணீர் சிந்தியது, அம்மா கத்தினாள், ஒவ்வொரு முறையும் ஒரு வாய் குடித்துப் பார்த்து அவர் முகத்தைக் கோணிக்கொண்டார். கடைசியில் உப்பு அகப்பட்டதும் அந்தப் பெரிய மனிதர் கைதட்டினார்.

"இவ்ளோதானா? இதையா இவ்ளோ வருஷமா எங்கிட்ட சொல்லாம வெச்சிருந்தே?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க கேக்கலையே," என்றாள் பெரியவள். மேசையைத் துடைக்கிற சாக்கில் எழுந்துபோனாள். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் விழாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

சின்னவளின் பட்டியல் மறுநாள் வந்தது. சரிபார்த்துச் சொல்லவேண்டியது பெரியவளின் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒன்றை முடிவுசெய்து, திங்கட்கிழமை தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவார்கள். சிலிக்கான் சில்லில் பதித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. ஒன்பதைத் தேர்ந்தெடுத்தால் பெட்டியின் மின்கலம் இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கும், சின்னவளின் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் மாதக் கடைசியோடு சின்னவள் கிளம்ப வேண்டியதுதான். இதெல்லாம் பெரியவளுக்கு நன்றாகவே தெரியும்.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்படுத்தியவளே அவள்தான். இடமாற்றத்தை எண் வரிசையாகத்தான் எழுதுவார்கள். வரிசையில் முதலில் நாலு என்று இருந்தால், முதல் இடத்தில் இருப்பது நாலாம் இடத்துக்குப் போகட்டும் என்று சிலர் படிப்பார்கள். நாலாம் இடத்தில் இருப்பது முதல் இடத்துக்கு வரட்டும் என்று சிலர் படிப்பார்கள். இரண்டும் சரியான பழக்கம்தான். ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் பழக்கத்தில் படித்தால் எல்லாம் தலைகீழ். இதில் மண்டையை உடைத்துக்கொள்ளாத கணிதக்காரர் கிடையாது. அதனால் பலகையின் மூலையில் அழியாத மையில் பெரியவள் எழுதிவைத்திருந்தாள்: 'முதலில் திசையைக் கேள்.' யார் வேலையை யார் சரிபார்த்தாலும் வாயைத் திறந்து கேட்கவேண்டிய முதல் கேள்வி அது.

அவள் கேட்கவில்லை.

கேட்க வேண்டுமானால் எழுந்து எதிர் அறைக்குப் போக வேண்டும். அங்கே நாலு பேர் சின்னவளைச் சுற்றி நின்றுகொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலைத் தன் பழக்கப்படியே கணினியில் ஏற்றினாள். கெடக்கூடிய சோடி மொத்தம் இருநூற்றுப் பத்து. கணினி ஓடி நின்றது. நாலைந்து சோடிகள் தப்பித்து நின்றன. முதலில் நின்றது மூன்றாம் இடமும் பதினேழாம் இடமும். ஒன்பதில் எந்த இடமாற்றமும் அந்த இரண்டையும் சேர்த்துக் காவல் பக்கம் தள்ளவில்லை.

அவளுக்கு உண்டான சந்தோஷத்தை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே "மூணும் பதினேழும்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நல்ல பாட்டின் முதல் அடி மாதிரி இருந்தது. சரிபார்க்காமலா சின்னவள் கொண்டுவந்திருப்பாள் என்று ஒரு சின்னச் சந்தேகம் தலையைத் தூக்கத்தான் செய்தது. அதன் தலையில் ஒரு குட்டு வைத்து உட்காரவைத்தாள். இப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். நல்ல அக்கா அப்படித்தான் செய்வாள். வெள்ளிக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை சின்னவள் நீலச் சட்டையில் வந்தாள். பலகை முழுக்க எழுதினாள். கடிகாரம் அரை மணி நேரமாக மணிக்கட்டைப் பார்க்கவே இல்லை. அதுவும் பெரியவளின் கண்ணில் பட்டது.

"கேள்வி ஏதாவது இருக்கா?" என்றார் அவர்.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் பெரியவள். குரல் அவளுக்கே தேன் மாதிரி கேட்டது. "மூணாவது இடமும் பதினேழாவது இடமும் சேர்ந்து கெட்டா?"

சின்னவள் பலகையைப் பார்த்தாள். விரலால் முதல் வரிசையைத் தடவினாள், இரண்டாவதைத் தடவினாள், ஐந்தாவதில் நின்றாள். திரும்பி, "அக்கா, நீ..." என்று ஆரம்பித்தாள். பெரியவளின் முகத்தைப் பார்த்தாள். ஆரம்பித்த வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது.

"நான் என்ன?"

"ஒண்ணும் இல்ல. நீ பார்த்திருந்தா சரியாத்தான் இருக்கும்."

"என்னோட கணக்குல ஒம்போதுல எதுவுமே அதைக் காப்பாத்தல. வேணும்னா இன்னும் சோடி தர்றேன்."

"வேண்டாம்," என்றாள் சின்னவள். அழிப்பானை எடுத்துப் பலகையை மேலிருந்து கீழாக அழித்தாள். மூலையில் இருந்த அழியாத மை மட்டும் மிச்சமிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்தார். "அப்போ பழைய இருபத்தொண்ணே போகட்டும். திங்கக்கிழமை அனுப்பிடுங்க." சின்னவளிடம் திரும்பி, "நல்ல முயற்சிம்மா," என்றார். அந்த 'முயற்சி'யில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று மாலை வீட்டுக்கு நடந்துபோகையில் பெரியவளுக்கு நடை துள்ளியது. கடையில் நின்று பூச்செடி ஒன்று வாங்கினாள். காரணம் கேட்ட கணவரிடம், "சும்மாத்தான்," என்றாள்.

சனிக்கிழமை காலை அவள் சமையலறைக்கு வந்தபோது மருத்துவர் மேசையில் ஏழு டம்ளரை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கிளினிக்ல நர்ஸுங்ககிட்ட காட்டலாம்னு இருக்கேன். முதல் டம்ளர்ல உப்பு போட்டிருக்கேன். இப்போ பாரு," என்று நாலாம் டம்ளரைத் தூக்கி முதல் இடத்தில் வைத்தார்.

"தப்பு தப்பு," என்றாள் அவள், காப்பியை ஆற்றிக்கொண்டே. பழக்கதோஷம். "முதல்ல நாலுன்னு சொன்னா, முதல் டம்ளர் நாலாவது இடத்துக்குப் போகணும்." கையை நீட்டி அவளே மாற்றி வைத்தாள்.

"இப்போ உப்பு விருந்தாளிப் பக்கமே இருக்கேம்மா," என்றார் அவர். "போறது இல்ல, வரணும். நாலாவது டம்ளர் முதல் இடத்துக்கு வரணும். உன் தங்கச்சி அப்படித்தான் சொன்னா. நீயும் பக்கத்துலதானே இருந்தே?"

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தாள். பக்கத்தில்தான் இருந்தாள். கண்ணால் பார்த்தாள், காதால் கேட்டாள்; உள்ளே எரிந்த எரிச்சலில் ஒன்றும் ஏறவில்லை.

காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போய் கணினியைத் திறந்தாள். ஒரே ஒரு வரியைத் திருப்பி எழுதினால் போதும். எழுதினாள். இருநூற்றுப் பத்துச் சோடியும் ஓடின. தப்பித்தது ஒன்றுகூட இல்லை. மூன்றும் பதினேழும் ஐந்தாவது வரிசையிலேயே காவல் பக்கம் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

ஐந்தாவது. பலகையில் சின்னவளின் விரல் நின்ற இடம்.

யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமைக்குப் பிறகு தெரிந்தும் பயனில்லை. இந்த நினைப்பு வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; அது வந்தது, அவசரமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனது. பிறகு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சின்னவள் தங்கியிருந்தது மாடியில் ஒற்றை அறை. கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா அக்கா. உட்காரு. நாற்காலி மேல இருக்கற துணியைத் தள்ளிடு."

பெரியவள் உட்காரவில்லை. "உன் பட்டியல் சரி," என்றாள். "நான்தான் திருப்பிப் படிச்சுட்டேன்."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"பலகைகிட்ட நிக்கும்போதே. மூணும் பதினேழும்னு நீ சொன்னதும் அஞ்சாவதுல பார்த்தேன், சரியா இருந்துச்சு. அப்போ அக்கா திசையைக் கேக்கலேன்னு புரிஞ்சுபோச்சு."

"அப்போ ஏண்டி சொல்லல? வாய் இல்ல உனக்கு? வேலை போயிடும்னு தெரியாது?"

சின்னவள் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாகப் பெட்டியில் வைத்தாள். "சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் மூஞ்சியைப் பார்த்தேன். நான் இங்க வந்ததுல இருந்து, நீ அவ்ளோ சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்லக்கா. அதைக் கெடுக்க மனசு வரல."

பெரியவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கத்தியிருந்தால் கத்தியிருக்கலாம், கரித்துக்கொட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். இதற்கு என்ன செய்வது? கணக்கில்தான் முந்திவிட்டாள் என்று பார்த்தால், விட்டுக்கொடுப்பதிலும் இவளே முந்திவிட்டாள். அந்த நிமிஷத்திலும் வயிறு எரிந்ததே தவிர ஆறவில்லை.

கைப்பேசியை எடுத்தாள்.

"யாருக்கு?"

"கடிகாரத்துக்கு."

"இன்னிக்கு லீவு நாள். எடுக்க மாட்டாரு," என்றாள் சின்னவள். கொஞ்சம் தயங்கி, "எடுத்தா, ஏன் திசையைக் கேக்கலேன்னு கேப்பாரு. பலகையில எழுதி வெச்சதே நீதான். மறந்துட்டேன்னு சொல்லிடு. போதும்," என்றாள்.

எடுத்துவிட்டார். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பெரியவள் சுற்றிவளைக்காமல் சொன்னாள்: ஒன்பதும் சரி, கேள்வி தப்பு, தான்தான் திருப்பிப் படித்துவிட்டாள்; திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போக வேண்டியது தங்கையின் பட்டியல்.

"அது எப்படிம்மா? நீங்களா?" என்றார் அவர். "புதுசா வர்றவங்களுக்கெல்லாம் நீங்கதானே அதைச் சொல்லிக்குடுப்பீங்க. திசையைக் கேக்க மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல ஒரு விநாடி போதும். சின்னவள் அந்த வார்த்தையை எடுத்துக் கையில் வேறு கொடுத்திருந்தாள். அதனால்தான் பெரியவளுக்கு அது வேண்டாமென்று தோன்றியது.

"மறக்கல சார்," என்றாள். "பொறாமை. அவ ரூமுக்குப் போய் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க எனக்குப் பிடிக்கல."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. பிறகு அவர், "சரிம்மா. பட்டியலை எனக்கு அனுப்பச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டார்.

பெரியவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். சின்னவள் அட்டைப்பெட்டியைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், கண்ணீர் மட்டும் வழிந்தது. அழும்போதுகூட மூக்கு சிவக்காமல் அழகாகத்தான் இருக்கிறாள் என்று பெரியவள் பார்த்தாள். அது வேறு எரிந்தது. பெட்டியிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.